புதுப்பிப்பு: இடது முன் டயர் மட்டும் சூடானது, காரணம் பிரேக் கேலிப்பரின் கைடு பின் (pin)

காரை நெடுஞ்சாலையில் ஓட்டி நிறுத்தியதும் இடது முன் டயர் மட்டும் அதிகம் சூடாகிறது, காற்றழுத்தம் நான்கிலும் சரி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. சிக்கல் தீர்ந்தது.

"டயரை விடுங்க, ரிம் சூட்டை அளந்து பாருங்க" என்ற யோசனைதான் வழிகாட்டியது. அகச்சிவப்பு வெப்பமானியில் டயர் 64 டிகிரி, ரிம் 97. வலது முன்பக்கம் இரண்டுமே 50-ஐ ஒட்டி. காற்று குறைவென்றால் டயர்தான் முதலில் சூடேறும். ரிம் அதைவிடச் சுட்டால் சூடு பிரேக்கிலிருந்து வருகிறது. வீல் அலைன்மென்டுக்கு (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செலவழிக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஜாக்கியில் தூக்கிச் சுற்றினால் சக்கரம் இழுத்துப் பிடித்தது. பிரேக் பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர் நகர்வதற்கான கைடு பின் துருவேறி இறுகியிருந்தது. அதன் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்திருக்கிறது. பேட்கள் ஒரே சீராகத் தேயவில்லை. கைடு பின், உறை இரண்டையும் புதிதாகப் போட்டோம். பேட்களை இரு முன் சக்கரங்களுக்கும் மாற்றினோம். கைடு பின்னுக்குச் சிலிக்கோன் கிரீஸே போடச் சொல்லுங்கள், சாதாரண கிரீஸில் ரப்பர் உப்பிவிடும்.

எதிர்பாராத ஒன்று: சரிசெய்த பிறகும் மாலையில் சென்னையிலிருந்து திண்டிவனம் போனால் வலப்பக்க டயர்கள் ஐந்தாறு டிகிரி கூடுதல். மேற்கு வெயில் அந்தப் பக்கம்தான் விழுகிறது. இரவில் அதே சாலையில் அந்த வித்தியாசம் இல்லை. முன் டயர்கள் பின்னவற்றைவிடச் சற்றுச் சூடாக இருப்பது முன்சக்கர இயக்க வண்டியில் இயல்பு. சூட்டோடு காற்றை மட்டும் இறக்காதீர்கள். அழுத்தத்தை டயர் ஆறியபின் பாருங்கள்.