லு புய் நடை – குடும்பக் குழு (சேன் துனி, ரீயூனியன் தீவு)

சேகர்: அக்டோபர் லீவு ரெண்டு வாரம். பாரிஸ் போக வர கழிச்சா நடக்க 11 நாள் மிஞ்சும். சந்தியாகப்பர் யாத்திரை வழில, பிரான்ஸ்ல லு புய்ல இருந்து கோங்க் வரைக்கும் சுமார் 200 கி.மீ. நாளைக்கு 20 வெச்சா 10 நாள். டிக்கெட் போட்டுடலாமா மாமா?

பெரிய மாமா: போடுப்பா. ஆனா 20, 20ன்னு சமமா வகுக்காத. முதல் மூணு நாள் 16க்கு மேல வேண்டாம்.

சேகர்: நம்ம மஃபாத் மலைப் பள்ளத்தாக்குல ஏறி இறங்குற காலுக்கு இதெல்லாம் ஒரு தூரமா?

மேரி அக்கா: மஃபாத் வேற, இது வேற. அங்க தொடை வலிக்கும், மறுநாள் வீட்ல காலை நீட்டிப் படுத்துடலாம். இங்க மறுநாளும் அதே பை, அதே ஷூ. நடுவுல தார் ரோடும் வரும். ஒரே இடத்துல திரும்பத் திரும்ப உரசித்தான் கொப்புளம் வருது. அது வேலையைக் காட்டறது பெரும்பாலும் ரெண்டாம், மூணாம் நாள்.

பெரிய மாமா: துண்டு துண்டா நடக்கறவங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே மூச்சா ஸ்பெயின்ல சந்தியாகு ஊர்ல இருக்கற சந்தியாகப்பர் கோயில் வரைக்கும் போறவனுக்கு முதல் வாரத்தோட உடம்பு பழகிடும். நமக்கு ஒவ்வொரு லீவுக்கும் அந்த முதல் வாரம் மறுபடி வரும். இப்படிப் போ:
லு புய் – மோன்போனே 16
மோன்போனே – மொனிஸ்த்ரோல் 15
மொனிஸ்த்ரோல் – சோக் 12

சித்தி: எல்லாரும் முதல் நாளே சேன் ப்ரிவா போயிடறாங்களே?

பெரிய மாமா: போறாங்க, 23, 24 கி.மீ. மறுநாள் விறைச்ச காலோட ரோஷ்குத் இறக்கம். முழங்கால் போறது அங்கதான்.

சேகர்: உங்க கணக்குல ரெண்டாம் நாள் கடைசில அந்த இறக்கம் வருதே. களைச்சுப் போய் இறங்கறது அதைவிட மோசம் இல்லையா?

மேரி அக்கா: நியாயமான கேள்வி. ஆனா அன்னிக்கு மொத்தமே 15தான், சேர வேண்டிய அவசரம் இல்ல. ரோஷ்குத்ல பாறை மேல சின்ன சந்தியாகப்பர் கோயில் இருக்கு. அங்க உக்காந்து ஷூவை அவுத்து, குதிகால் நகராதபடி கணுக்கால்கிட்ட இறுக்கிக் கட்டு. விரல் பக்கம் தளர்வா விடு. கைத்தடியை 5, 10 செ.மீ. நீட்டிக்க. அப்பறம் நதி வரைக்கும் சுமார் 350 மீட்டர் இறக்கம். பாறையும் மர வேரும்தான் படி. ஈர இலை மூடியிருந்தா எது வேர், எது மண்ணுன்னே தெரியாது. பக்கவாட்டுல காலை வெச்சு இறங்கு. நகத்தை ஒரு வாரம் முன்னாடியே வெட்டிடு, இல்லன்னா கட்டைவிரல் கறுத்துடும்.

பெரிய மாமா: மொனிஸ்த்ரோல்ல ராத்திரி தங்கினா, எதிர்ப்பக்கம் 400 மீட்டர் ஏத்தத்தைக் காலைல புதுக் காலோட ஏறலாம். அங்க ரயில் நிலையமும் இருக்கு. முடியலன்னா கௌரவமா திரும்பலாம் 😄

சித்தி: அப்படிப் போனா 11 நாள்ல கோங்க் வருமா?

பெரிய மாமா: வரும், ஆனா இடிக்கும். சோக் தாண்டினதும் 20லேர்ந்து 25 நடக்கணும், ஓய்வு நாள் கிடையாது. கோங்க்ல ரயில் நிலையமும் இல்ல. ரோதேஸ் போக பஸ்ஸோ டாக்சியோ முன்னாடியே பேசி வெச்சுக்கணும். இன்னும் ரெண்டு நாள், 50 கி.மீ. கிட்ட நடந்தா ஃபிஜாக்ல ரயில். பிரீவ் போய் மாறி பாரிஸ்.

சேகர்: அப்ப ஃபிஜாக் வரைக்குமே போயிடலாமே?

மேரி அக்கா: வேண்டாம். பிளைட்டைப் பிடிக்க ஓடற நடைல ஒரு புண்ணியமும் இல்ல. கோங்க்ல நிறுத்து. ஆனா அடுத்த தடவை அங்கிருந்து கிளம்பும்போது தூர்து பாலம் தாண்டினதும் செங்குத்து ஏத்தம், அதுவும் முதல் நாள். அதை மட்டும் மனசுல வெச்சுக்க.

பெரிய மாமா: அதுக்குப் பிறகு வெட்ட சுலபம். ஃபிஜாக், காவோர், முவாசாக் மூணுலயும் ரயில் நிலையம் உண்டு. துண்டு போடும்போது கிலோமீட்டரைப் பாக்காத, ரயிலைப் பாரு.

சித்தி: வழில ஊர் ஊரா முத்திரை குத்தற புத்தகம் ஒவ்வொரு தடவையும் புதுசா வாங்கணுமா?

மேரி அக்கா: ஒண்ணே போதும், லு புய் பேராலயத்துலயே கிடைக்கும். நிறுத்தற ஊர்ல தேதியோட கடைசி முத்திரை, அடுத்த தடவை அதே ஊர்ல முதல் முத்திரை. துண்டு துண்டா நடந்தாலும் சந்தியாகுல சான்றிதழ் தருவாங்க. வழி வரிசை மாறக் கூடாது, நடை அங்க போய் முடியணும். ஸ்பெயின்ல சாரியா ஊர்ல இருந்து வர்ற கடைசி 100 கி.மீ.ல நாளைக்கு ரெண்டு முத்திரை வாங்கிக்க.

பெரிய மாமா: 2027ல சந்தியாகப்பர் திருநாள் ஜூலை 25 ஞாயித்துக்கிழமை வருது, அதனால அது புனித ஆண்டு. ஸ்பெயின் பக்கம் கூட்டம் தாங்காது. அந்த வருஷம் பிரான்ஸ் பக்கமே நடங்க.

சேகர்: அக்டோபர்ல மழை எப்படி?

மேரி அக்கா: மழையை விட இருட்டுதான் தொந்தரவு. அங்க விடியவே 8 மணி கிட்ட ஆகும். பேராலயத்துல காலை 7 மணிப் பூசை, பயணிகளுக்கு ஆசீர்வாதம். முடிஞ்சு வெளிய வந்தா வெளிச்சம் சரியா இருக்கும். நாஸ்பினால் தாண்டி ஓப்ராக் மேட்டுல 1,300 மீட்டர் உயரம். மரம் கிடையாது, வேலியும் மாடும்தான். மூடுபனி வந்தா வழி காட்டற அடுத்த வெள்ளை-சிவப்புக் கோடு கண்ணுல படற வரைக்கும் நகராத. நம்ம தீவுல பிளேன் தே காஃப்ர் மேட்டுக் குளிர் தாங்கற ஆளுங்க பயப்பட வேண்டாம், ஆனா காத்து தடுக்கற மேல்சட்டை கட்டாயம்.

பெரிய மாமா: வேட்டைக் காலம் வேற. பைக்கு ஆரஞ்சு உறை போடுங்க. பச்சை, பழுப்பு சட்டை வேண்டாம்.

சித்தி: பை எவ்வளவு கனம்?

மேரி அக்கா: உடம்பு எடைல பத்துல ஒரு பங்கு. 60 கிலோன்னா 6, தண்ணி தனி. போட்ட துணி போக ஒரு மாத்துத் துணி போதும். கைத்தடி விமானத்துல கையோட விட மாட்டாங்க, செக்-இன்ல போடுங்க. தண்ணிக்கு ஊர்க் கல்லறைத் தோட்டக் குழாய் கைகொடுக்கும். குடிக்கக் கூடாதுன்னு பலகை இருக்கான்னு மட்டும் பாத்துக்க.

பெரிய மாமா: ரொக்கம் வெச்சுக்க, பல ஜித்ல (நடைப் பயணிகள் தங்கற விடுதி) கார்டு எடுக்க மாட்டாங்க. திங்கக்கிழமை சின்ன ஊர்ல கடை மூடியிருக்கும். ஞாயித்துக்கிழமையே ரொட்டி வாங்கிடு. நவம்பர் நெருங்கினா ஜித்தும் ஒவ்வொண்ணா மூடும், அதனால எல்லா ராத்திரிக்கும் போன் பண்ணிப் பதிஞ்சுடு.

சித்தி: நான் விரதம், கறி தொடமாட்டேன்.

மேரி அக்கா: பதியும்போதே சொல்லிடுங்க சித்தி, அங்க போய்ச் சொன்னா ஆம்லெட்தான். ஓப்ராக் பக்கம் அலிகோ கிடைக்கும், மசிச்ச உருளைக்கிழங்குல சீஸும் பூண்டும் போட்டு இழுக்கறது. கூடவே தொத்திறைச்சி வைப்பாங்க, அதை வேண்டாம்னுடுங்க.

சேகர்: பயிற்சி?

பெரிய மாமா: சனிக்கிழமை ரோஷ் எக்ரீத் மலை ஏறி இறங்கு. ஞாயித்துக்கிழமை அதே பையோட பராஷ்வால இருந்து கடலோரப் பாதைல சேன்த் மாரி வரைக்கும். ரெண்டாம் நாள் சமதளத்துல கால் எங்க உரசுதுன்னு பாரு. உரசினா ஷூவை இப்பவே மாத்து, அரை அளவு பெருசா.

சேகர்: சரி மாமா, நாளைக்கே டிக்கெட் போடறேன். சித்தி, பாஸ்போர்ட் தேதி பாருங்க.