செப்புத் தகட்டில் தெரிவது அந்தஸ்தா, ஆளா?

உப்புவெளியான்:
ஒல்லாந்து ஓவியர் ரெம்பிரான்ட்டின் எட்சிங் படங்களில் (செப்புத் தகட்டில் கீறி அச்செடுப்பவை) முகத்தைப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துவிடும், உடுப்பெல்லாம் அலங்காரம் என்று டைக்வீதி போன கிழமை எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1639இல் ரெம்பிரான்ட் தன்னையே கீறிய படத்தைப் பாருங்கள். கல் கட்டில் கையை ஊன்றி, தொப்பியும் பழைய காலத்துப் பகட்டு உடுப்புமாக, மாவாலைக்காரரின் மகன் ஒரு பிரபுவாகவே மாறிவிட்டார். அதே ஆண்டுதான் ஒல்லாந்தர் நம் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கடல் வணிகத்தால் அவர்கள் ஊரில் காசு புரண்ட காலம் அது.

டைக்வீதி:
சரி, 1648 படத்துக்கு என்ன சொல்வீர்கள்? அதே ஆள், ஜன்னலோரம் இருந்து கீறிக்கொண்டிருக்கிறார், வேலைசெய்யும் உடுப்பு, பகட்டு ஒன்றுமில்லை, ஆனால் அந்தப் பார்வை நம்மை விடுகிறதா? 1630இல் மண்மேட்டில் குந்தியிருக்கும் பிச்சைக்காரனுக்குத் தன் முகத்தையே கொடுத்தவர் அவர். மெழுகு பூசிய செப்புத் தகட்டை ஊசியால் கீறி அமிலத்தில் விட்டால், அமிலம் பிரபு, பிச்சைக்காரன் என்று பார்த்து அரிப்பதில்லை.

உப்புவெளியான்:
அமிலம் பார்க்காது, கீறுபவர் பார்ப்பார். வேலை உடுப்பும் ஒரு அடையாளம்தானே, "நான் உழைப்பாளி" என்கிறது. 1647இல் ரெம்பிரான்ட் கீறிய படத்தில் அவருடைய பணக்கார நண்பர் ஜான் சிக்ஸ் வாளைக் கழற்றி வைத்துவிட்டு, ஜன்னலில் சாய்ந்தபடி வாசித்துக்கொண்டிருக்கிறார். வாள் உள்ளவன்தான் அதைக் கழற்றி வைக்கலாம். எனக்கு வாளைவிடப் படிப்பு பெரிது என்று காட்டவும் அது இருக்கத்தான் வேண்டும். அதோடு, சுவரில் தொங்கும் ஓவியம் ஒரு வீட்டோடு நின்றுவிடும், தகட்டிலிருந்து எடுத்த பிரதிகள் பலர் கைக்குப் போகும். அதே காலத்து ஓவியர் வான் டைக்கின் உருவப்பட அச்சு வரிசையில் அரசகுலத்தாரோடு ஓவியர்களும் இருக்கிறார்கள், அது ஓவியர்களுக்கு எவ்வளவு பெரிய மதிப்பு!

திருக்கடலூர்:
எங்கள் வீட்டுச் சுவரில் அப்பப்பாவின் ஸ்டூடியோப் படம் இருக்கிறது. கடற்றொழில் செய்தவர். கோட்டும் கைக்கடிகாரமும் ஸ்டூடியோக்காரர் கொடுத்தவை என்று அப்பம்மா சொல்லுவா. கடிகாரம் தெரியவேண்டும் என்று இடது கையை முழங்காலில் முன்னுக்கு வைத்திருக்கிறார். உப்புவெளியான் அண்ணை சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

டைக்வீதி:
தம்பி, அந்தக் கையில் வலைக்கயிறு அறுத்த தழும்பு ஏதும் தெரிகிறதா? அதுதான் உங்கள் அப்பப்பா. கோட்டு ஸ்டூடியோவுடையது.

திருக்கடலூர்:
இப்போதுதான் இறக்கித் துடைத்துப் பார்த்தேன் அண்ணை. சுட்டுவிரலின் குறுக்கே ஒரு கோடு இருக்கிறது. இத்தனை வருடமாக நான் கவனிக்கவேயில்லை.

உப்புவெளியான்:
கடிகாரத்தைக் காட்டக் கையை நீட்டியதால்தான் தம்பி அந்தத் தழும்பும் படத்தில் விழுந்திருக்கிறது.