நாரா மான்கள்: அக்டோபரில் குழந்தையோடு போகலாமா?

பொன்வண்டு:
அக்டோபர் நடுவில் ஜப்பானில், ஒசாகாவில் இருப்போம். அதில் ஒரு நாள் பக்கத்து ஊரான நாராவுக்கு, மான்கள் அவிழ்த்துவிட்ட மாதிரி உலவுற பூங்காவைப் பார்க்க. கூட 5 வயசுப் பொண்ணும், அதிகம் நடக்க முடியாத அம்மாவும் வர்றாங்க. எந்த ரயில் வசதி? மானுக்குத் தீனி கொடுக்கும்போது கடிக்கும்னு சொல்றாங்களே, எப்படிக் கொடுக்கணும்? அந்த மாசம் ஆண் மான்கள் முட்டும்னும் கேள்விப்பட்டேன்.

திசைகாட்டி:
அம்மா வருவதால் கின்டெட்சு என்ற தனியார் நிறுவன ரயில்தான். ஒசாகா நம்பாவிலிருந்து கின்டெட்சு நாரா வரை விரைவு ரயிலில் 40 நிமிடம் போல ஆகும், 680 யென். இறங்கிக் கிழக்கே 5 நிமிடம் நடந்தால் கோஃபுகுஜி புத்தக் கோயில் பக்கம் முதல் மான் கண்ணில் படும். ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) ரயிலில் வந்து அதன் நாரா நிலையத்தில் இறங்கினால் அதே இடத்துக்கு 20 நிமிட நடை. ஜே.ஆர். பாஸ் கின்டெட்சுவில் செல்லாது, தனி டிக்கெட் எடுக்கணும்.

அருகம்புல்:
தீனி என்றால் ஷிகா செம்பே மட்டும்தான். அரிசித் தவிடும் மாவும் சேர்த்துச் சர்க்கரை இல்லாமல் சுட்ட வட்ட பிஸ்கட், 10 கொண்ட கட்டு 200 யென். சுற்றியிருக்கும் காகிதப் பட்டையை மான் தின்றாலும் கெடுதல் வராதபடி தயாரிக்கிறார்கள். ரொட்டி, சிப்ஸ், பழம் எதுவும் கொடுக்காதீர்கள். இவை யாரும் வளர்க்கிற மான்கள் அல்ல. புல் மேய்ந்து வாழும் காட்டு மான்கள். பிஸ்கட் அவற்றுக்கு நொறுக்குத் தீனி மாதிரிதான்.

கடி வாங்குபவர்களில் பெரும்பாலோர் பிஸ்கட்டைக் காட்டிவிட்டுப் போட்டோவுக்காக இழுத்தடிப்பவர்கள். மான் தலையைக் குனியும், நீங்களும் குனிவீர்கள், உடனே கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் மேலே தூக்கிப் பிடித்தால் அது சட்டை நுனியைக் கவ்வி இழுக்கும், அடுத்தது இடுப்பில் ஒரு கடி. தலையைத் திரும்பத் திரும்ப ஆட்டுகிறது என்றால் பொறுமை போய்விட்டது என்று அர்த்தம்.

பிஸ்கட் கட்டை வாங்கியதுமே நாலைந்து மான் சூழ்ந்துகொள்ளும். அதனால் கட்டு பெரியவர் கையில் இருக்கட்டும். பாப்பாவிடம் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். உடைத்துத் துண்டாக்க வேண்டாம், துண்டு சின்னதானால் விரல் பல்லுக்குப் பக்கத்தில் போய்விடும். முழு பிஸ்கட்டின் ஓரத்தைப் பிடித்து நீட்டினால் போதும். தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுங்கள், பெரும்பாலும் விலகிப் போய்விடும். தோதாய்ஜி புத்தக் கோயிலின் நந்தாய்மோன் என்ற பெரிய வாசலில் நெரிசல் அதிகம். குழந்தைக்கு டோபிஹினோ புல்வெளிப் பக்கம் நல்லது.

திசைகாட்டி:
முட்டுவது பற்றி: செப்டம்பர் முதல் நவம்பர் வரை இணைசேரும் காலம். ஆண் மான்கள் சேற்றில் புரண்டு கழுத்தும் வயிறும் கறுத்து, நாற்றமடித்துக்கொண்டு திரியும். அப்படி ஒன்றைப் பார்த்தால் கொம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒதுங்கிப் போங்க. கொம்பு வெட்டும் சடங்கு அக்டோபரில்தான். 1672-இல் தொடங்கியது, ஆட்களைக் குத்தாமலும் ஒன்றையொன்று கிழிக்காமலும் இருக்கத்தான் அது. ஆனால் எல்லா ஆண் மானுக்கும் வெட்டிவிடுவதில்லை. கொம்பில்லாத பெண் மானுக்கு மட்டும் பாப்பா கொடுக்கட்டும். ஒருவேளை கடித்துத் தோல் கிழிந்தால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்க.

பொன்வண்டு:
ரொம்ப நன்றி. குழந்தைத் தள்ளுவண்டி எடுத்துட்டுப் போகலாமா? பாப்பாவுக்குப் பிஸ்கட், ஜூஸ் எல்லாம் கையில் வைத்திருப்போம்.

அருகம்புல்:
தோதாய்ஜி வரை வண்டி உருளும். கசுகா கோயிலுக்குப் போகும் பாதையில் சரளைக்கல், தள்ளுவது கஷ்டம். அம்மாவுக்கும் அந்தத் தூரம் அதிகம், பேருந்து உண்டு. 768-இல் அமைந்த கோயில் அது. அங்குள்ள தெய்வம் காஷிமாவிலிருந்து வெள்ளை மான் மேல் ஏறி வந்ததாக ஐதீகம்; மானைப் புனிதமாகக் கருதுவதற்கு அதுதான் காரணம்.

உணவை வண்டியின் கீழ்க்கூடையில் வைக்காதீர்கள், மூக்கை நுழைத்துவிடும். ஜிப் போட்ட துணிப்பையில் வையுங்கள். கையில் வரைபடம், டிக்கெட் நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் மென்றுவிடும். முக்கியமானது பிளாஸ்டிக் பை. உணவு வாசம் ஒட்டிய கவரை மான் விழுங்கினால் அது முதல் இரைப்பையிலேயே தங்கிச் சுருண்டு முடிச்சாகும். வெளியேறாது, அசை போடவும் விடாது. வயிறு நிறைந்த மாதிரியே இருந்து பட்டினியால் மெலிந்து சாகும். 2019-இல் இறந்த ஒரு மானின் வயிற்றில் 4.3 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். பூங்காவில் குப்பைத்தொட்டியை நம்பிப் போகாதீர்கள், பல காலம் அங்கே தொட்டியே வைக்காமல் இருந்தார்கள். வீட்டிலிருந்தே ஒரு மூடிய டப்பா கொண்டுபோய், ஜூஸ் ஸ்ட்ராவின் உறை வரைக்கும் அதில் போட்டு ஒசாகாவுக்கே திருப்பி எடுத்துவந்துவிடுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இங்கே 79 மான்தான் மிஞ்சியிருந்தது. இன்றைக்கு ஆயிரத்துக்கு மேல்.