‘ஐலண்ட் டேம்னெஸ்’: ‘வெருளாமை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

அன்பர்களுக்கு வணக்கம்.

வேட்டை விலங்கில்லாத தீவுகளில் வாழும் உயிரினங்கள், ஆள் நெருங்கினாலும் ஓடாதிருக்கும் இயல்பை ஆங்கிலத்தில் ‘ஐலண்ட் டேம்னெஸ்’ என்பர். இதற்குத் தமிழில் பரிந்துரைக்கப்பட்ட ‘தீவு அடக்கம்’, ‘அச்சமின்மை’ ஆகிய இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. அடக்கம் என்றால் அடக்கியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். 1835இல் கலாபகசுத் தீவுகளில் டார்வின் தம் துப்பாக்கி முனையால் ஒரு பருந்தைக் கிளையிலிருந்து தள்ளிவிட்டார். அந்தப் பருந்தை எவரும் பழக்கியிருக்கவில்லை. தன்னைக் கொன்று தின்னும் விலங்கு இல்லாத இடத்தில், ஒவ்வொரு அசைவுக்கும் இரையை விட்டுவிட்டு ஓடுவது வீண் செலவு என்பதால், ஓடும் இயல்பே பல தலைமுறைகளில் மழுங்கிவிடுகிறது.

‘அச்சமின்மை’ இதைவிடச் சிக்கலானது. அது வீரத்தைச் சுட்டும் சொல் என்பது ஒருபுறமிருக்க, அறிவியல்படியும் பொருந்தவில்லை. அதே தீவுகளின் கடல் இகுவானாக்களை (பெரும் பல்லிகளை) ஆராய்ந்தவர்கள், மனிதரை அறியாத இகுவானாவை விரட்டினாலும் அதன் குருதியில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற அழுத்த இயக்குநீர் (ஹார்மோன்) உயரவில்லை என்றும், ஒருமுறை பிடிபட்டு மீண்டதை அடுத்த முறை விரட்டும்போது உயர்கிறது என்றும் கண்டனர். ஆக, அஞ்சும் உடலமைப்பு உள்ளே அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே ‘வெருளாமை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘மிரளாமை’ என்பது பேச்சுக்கு நெருக்கமாயிற்றே என்று கேட்கலாம். நானும் சில நாள் அதில்தான் நின்றேன். ஆனால் மிரண்டவர் நின்ற இடத்திலேயே விழித்துக்கொண்டு நிற்கலாம், வெருண்டது ஓடும். (வயலில் பறவைகளை ஓட்ட நட்டுவைக்கும் பொம்மைக்கு ‘வெருளி’ என்ற பெயர் இருப்பதையும் நினைவூட்டுகிறேன்.) இந்த நுண்ணிய வேறுபாடு நமக்குத் தேவைப்படுகிறது. நியூசிலாந்தின் பறக்காத காக்காப்போ கிளி ஆபத்தை உணர்ந்ததும் அசையாமல் உறைந்துவிடும். கண்ணால் தேடும் கழுகிடமிருந்து அது தப்புவித்தது, மோப்பம் பிடிக்கும் பூனையிடம் பலிக்கவில்லை. 1995இல் 51 பறவைகளே எஞ்சின. அப்படி உறைந்து நிற்பதை மிரட்சி எனலாமே தவிர, வெருளாமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கிளைச்சொற்களும் இயல்பாகவே அமைகின்றன. ஒருவர் எவ்வளவு நெருங்கும்போது விலங்கு ஓடத் தொடங்குகிறதோ அந்த இடைவெளியை ‘வெருள் தொலைவு’ எனலாம். 66 பல்லி இனங்களை ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வின் முடிவை, ‘பெருநிலத்திலிருந்து தீவு விலக விலக வெருள் தொலைவு குறைகிறது’ என்று ஒரே வரியில் எழுதிவிட முடிகிறது.

எஞ்சியிருப்பது, இயல்பாக அமைந்த வெருளாமையையும் பாதுகாப்பின் பெயரால் நாமே உண்டாக்குவதையும் ஒரே சொல்லால் குறிப்பதா என்பதே. தின்றால் கொல்லும் நச்சுக் கரும்புத் தேரைகளிடமிருந்து காப்பதற்காக, 2003இல் ஆஸ்திரேலியாவின் வடக்குக் குவோல்கள் (ஊனுண்ணும் சிறு பைப்பாலூட்டிகள்) ஆஸ்டெல் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வேட்டை விலங்கில்லாத அங்கே 13 தலைமுறைகளுக்குள் அவை எதிரியை இனங்காணும் திறனை இழந்தன. 2016இல் பெருநிலத்தின் காக்கடு தேசியப் பூங்காவில் மீண்டும் விடப்பட்டபோது டிங்கோ நாய்களுக்கு இரையாயின. இதற்கு ‘வெருட்சியிழப்பு’ என்று தனிச்சொல் வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துடையோர், அதே குவோல் செய்தியைத் தம் சொல்லால் எழுதிக் காட்டினால் ஒப்பிட எளிதாக இருக்கும்.