"கூட யாரு வந்திருக்கீங்க?" - செல்லூர் அக்காவின் நினைவாக

மதுரை பெரியாஸ்பத்திரியில் பேரைக் கூப்பிட்டதும் நர்ஸ் அடுத்துக் கேட்பது, "கூட யாரு வந்திருக்கீங்க?" எங்கள் செல்லூர்த் தெருவில் பாதிப் பேருக்கு அதற்குப் பதில் ஒரே ஆள், அக்காதான்.

என் மாமியாருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது எனக்குக் கைக்குழந்தை, வீட்டுக்காரர் திருப்பூரில். மூன்று ராத்திரி அக்காதான் தரையில் பாய் விரித்துப் படுத்தார். ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ தரும் வருமானச் சான்று எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, காப்பீட்டு அட்டைக்குக் கலெக்டர் ஆபீஸ் கூட்டிப்போனதும் அவர்தான். "ஜெராக்ஸ் ரெண்டு செட்டு எடு, ஒண்ணத் தொலைச்சிருவ" என்றார். தொலைத்தேன்.

பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றால் மட்டும் யார் கூப்பிட்டாலும் வரமாட்டார். "இன்னைக்கு எம்பிள்ளைக்குத்தான் நான் கூட" என்று சொல்லிவிடுவார்.

எங்களையெல்லாம் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு இழுத்துப்போனவர், தன் மார்பில் கட்டி இருப்பதை ஆறேழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. "வலிக்கவே இல்லையேடி" என்றார். ஆரம்பத்தில் மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது என்பது எங்கள் யாருக்கும் தெரியாமல் போனதே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

*

நான் மானாமதுரை. அக்காவை எனக்குக் கீமோ வார்டில்தான் பழக்கம். 21 நாளுக்கு ஒருமுறை, இரண்டு பேருக்கும் ஒரே தேதி.

முதல்முறை சிவப்பு மருந்து ஏற்றிய அன்று பாத்ரூம் போய்விட்டு அலறிக்கொண்டு வந்தேன், ரத்தமாகப் போகிறது என்று. "அது மருந்தோட நெறம். ஒரு நாள், ரெண்டு நாள் அப்படித்தான் போகும்" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். வாய்ப்புண் வந்து எச்சில் விழுங்க முடியாதபோது, மோர்விட்டு மையக் கரைத்த சோற்றைத் தூக்குவாளியில் எனக்கும் சேர்த்துக் கொண்டுவந்தார்.

ஒரு தடவை என் கணவர் வரமுடியவில்லை. நர்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அக்கா ட்ரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டே வந்து, "நான்தான் கூட" என்றார்.

"நீங்களே பேஷண்ட்தானம்மா?"

"அதனால என்ன? இங்கதான இருக்கேன்."

எனக்குக் குணமாகி நான்கு வருடம் ஆகிறது. அக்கா இல்லை. ஒவ்வொரு செக்கப்புக்கும் அந்த வராண்டாவில் நடக்கும்போது அந்த ஸ்டாண்டின் சக்கரச் சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கும்.

*

நான் அவங்க மகள். இரண்டு பேர் எழுதியதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

கட்டி வலிக்காது என்று எழுதியிருக்கிறீர்களே அத்தை, அதை எல்லாரும் படிக்கவேண்டும். அம்மாவுக்கு 43 வயதில் வந்ததால், என்னை 33 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

ஆபரேஷனில் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்ததால் அம்மாவுக்கு இடது கை மேலே தூக்க வரவில்லை. சுவரைப் பார்த்து நின்று, எறும்பு ஏறுகிற மாதிரி விரல்களை மேலே மேலே நகர்த்தச் சொன்னார்கள். அடுப்படிச் சுவரில், எனக்கும் தம்பிக்கும் வருடா வருடம் உயரம் குறித்த அதே இடத்தில், தினமும் பென்சிலால் கோடு போட்டார். முதல் கோடு எனக்கு ஏழு வயதில் இருந்த உயரம். அப்போது நான் ப்ளஸ் டூ. என் தலையைத் தாண்டிக் கோடு போட்ட அன்று, "வா, ஜடை போடணும்" என்றார். ஒரு ஜடை முடிந்ததும் வீங்கிய கையைத் தலையணைமேல் தூக்கிவைத்து இளைப்பாறிவிட்டு, அப்புறம்தான் அடுத்தது. முதல் ஜடை இறுக்கமாக இருக்கும், இரண்டாவது தொளதொளவென்று இருக்கும். அப்படியேதான் பள்ளிக்கூடம் போனேன்.

இரண்டு வருடம் கழித்து நோய் எலும்புக்குப் பரவிவிட்டது. கடைசியாக அட்மிட் செய்த அன்று, "கூட யாரு?" என்று கேட்டார் நர்ஸ். அப்பா, தம்பி, நான், எங்களுக்குப் பின்னால் வராண்டா முழுக்கச் செல்லூர் ஆட்கள். "ஒருத்தர்தான் இருக்கலாம்" என்றார். அம்மா என்னைக் காட்டினார்.