நீச்சல் குளத்து ஓரத்தில் கண்ணாடி பாட்டில்: எங்கள் அபார்ட்மெண்ட் அனுபவம்

நாங்கள் இருப்பது சென்னை ஓ.எம்.ஆர். பக்கம். நீச்சல் குளத்து கேட்டில் 'உணவு, பானம் அனுமதி இல்லை' என்று ஆரம்பத்திலிருந்தே போர்டு உண்டு. யாரும் மதித்ததில்லை. ஞாயிறு சாயங்காலமானால் சிப்ஸ், பப்ஸ், கப் நூடுல்ஸ் எல்லாம் தண்ணீர் ஓரம் வரைக்கும் வந்துவிடும். செக்யூரிட்டி கேட்டால், "மாசா மாசம் மெயின்டனன்ஸ் கட்டுறோம்ல?" என்பார்கள்.

போன கோடை விடுமுறையில் ஒரு பிறந்தநாள் பார்ட்டி. விளிம்பில் வைத்திருந்த ஜூஸ் பாட்டிலை ஓடி வந்த பையன் ஒருவன் தட்டிவிட்டான். டைல்ஸில் பட்டு உடைந்து, பாதி குளத்துக்குள் போய்விட்டது. பார்ட்டி வைத்தவர் பதறிப்போய், "வலை போட்டு அள்ளிடலாம் தம்பி" என்றார். நிறமில்லாத கண்ணாடி தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாதே! குளத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் எல்லாரையும் மேலே ஏறச் சொல்லிவிட்டு, முதல் வேலையாக பம்பை நிறுத்தினார். வலையில் பெரிய துண்டுதான் வரும், பொடி தங்கிவிடும், மொத்தத் தண்ணீரையும் இறைத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் குளம் 20 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். அதாவது 1,92,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 16 லோடு. 2019 ஜூனில் பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரியெல்லாம் வறண்டு, லாரிக்காக ராத்திரியெல்லாம் விழித்திருந்த ஆட்கள் நாங்கள். அவ்வளவு தண்ணீரும் வடிகாலில் ஓடியதைப் பார்க்க வயிறு எரிந்தது.

தண்ணீர் வடிந்ததும் அந்த அண்ணன் முட்டி போட்டு, டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்து, மினுங்குகிற இடத்திலெல்லாம் ஈரத்துணியை ஒற்றி ஒற்றி எடுத்தார். குழந்தைகள் உட்காருகிற படியின் இடுக்கில் நகக்கண் அளவில் ஒரு துண்டு கிடைத்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுத்துப் பேச முடியவில்லை.

சாப்பாட்டாலும் கெடுதல்தான். குளத்துத் தண்ணீரில் குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். வரை, அதாவது லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், நிற்க வேண்டும். உணவுத் துணுக்கு, எண்ணெய், வியர்வை, சிறுநீர் எல்லாமே அதைத் தின்றுவிடும். கண் எரிந்து வாடை அடித்தால் குளோரின் கூடிவிட்டது என்று திட்டுகிறோம். பெரும்பாலும் அது அழுக்கோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்.

சரி, அசோசியேஷன் என்ன செய்தது? குடிதண்ணீர் உட்பட எல்லாவற்றுக்கும் தடை போட்டது. அடுத்த வாரமே, நீச்சல் வகுப்புக்கு வந்த ஒரு சின்னப் பெண்ணின் ஸ்டீல் பாட்டிலை கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். மே மாத வெயில்! அவள் பாட்டி நேரே ஆபீஸுக்கு வந்து, "தண்ணிக்குள்ள இருந்தாலும் வேர்க்கும்யா, புள்ளைக்குத் தாகம் எடுக்காதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. யாரிடமும் பதில் இல்லை.

அப்புறம்தான் விதியைப் பிரித்து எழுதினோம். வேலிக்குள் கண்ணாடி எந்த உருவத்திலும் கூடாது. ஸ்டீல், பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் தாராளமாகக் கொண்டு வரலாம். சாப்பாடு கிளப் ஹவுஸ் தாழ்வார மேஜையில் மட்டும். மது குடித்துவிட்டு வந்தால் இறங்கவே விடுவதில்லை, உயிர் சம்பந்தப்பட்டது. போர்டில் காரணத்தையும் ஒரு வரி சேர்த்தோம். இப்போது செக்யூரிட்டியிடம் சண்டை வெகுவாகக் குறைந்திருக்கிறது.

பார்ட்டிக்கு புக் பண்ணுகிறவர்களிடம் டெபாசிட் வாங்குவதில்தான் இன்னும் இழுபறி. உங்கள் அபார்ட்மெண்டில் வாங்குகிறீர்களா? எவ்வளவு என்று சொன்னால் அடுத்த மீட்டிங்கில் எடுத்துப் பேசுவேன்.