பதினான்கு வயதுப் பசங்களுக்கு ஐஸ் குளியல் தேவையா?

மைதானத்து விசில்:
வணக்கம். 14 வயதுக்குட்பட்ட கால்பந்து அணி ஒன்றுக்கு ஆறு வருடமாகப் பயிற்சி தருகிறேன். மொத்தம் 16 பசங்க. போன மாதம் ஒரு போட்டி, மூன்று நாளில் ஐந்து ஆட்டம். முதல் நாள் இரண்டு ஆட்டம் முடிந்ததும், பசங்க இறங்கினால் களைப்பு தீரும் என்று ஒரு பையனின் அப்பா பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மூட்டை ஐஸை உடைத்துக் கொட்டிவிட்டார். "பெரிய கிளப்பில் எல்லாரும் செய்றாங்க சார்" என்றார். அவர் முகத்தில் இருந்த ஆர்வத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பசங்களுக்கு அது போட்டிக்குள் ஒரு போட்டியாகிவிட்டது. யார் அதிக நேரம் தாக்குப் பிடிக்கிறார்கள் என்று சுற்றி நின்று சத்தமாக எண்ணினார்கள். எங்கள் லெஃப்ட் பேக், அணியிலேயே ஒல்லியானவன், கழுத்தளவு தண்ணீரில் 12 நிமிடம் இருந்தான். வெளியே வந்தவனுக்கு ஷூ லேஸ் கட்ட விரல் மடங்கவில்லை. அரை மணி நேரம் நடுங்கினான். நான்தான் என் சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டேன்.

ஆனால் மறுநாள் எல்லாரும் "கால் லேசா இருக்கு சார்" என்கிறார்கள். அந்த லெஃப்ட் பேக்கும் நன்றாகவே ஆடினான். அதுதான் குழப்பம். இந்த வயதில் இது வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால் எப்படி?

பிசியோ அக்கா:
சார், முதலில் அந்த 12 நிமிடத்தைப் பற்றி. பெரியவர்களுக்கே வழக்கமாகச் சொல்வது 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம். ஐஸை மூட்டையாகக் கொட்டினால் 10-க்கும் கீழே சுலபமாகப் போய்விடும். சிறுவர்களின் உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், ஒல்லியாக இருந்தால் கொழுப்பும் குறைவு. அதனால் சூடு வேகமாக வெளியேறும். விரல் மடங்காததும் நடுங்கியதும் உடம்பு நன்றாகவே குளிர்ந்துவிட்டதற்கான அடையாளம். வெளியே வந்த பிறகும் சிறிது நேரம் உள்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். அப்போது தனியாக விட்டுவிடக் கூடாது.

இறங்கும் முதல் நிமிடமும் ஆபத்தானதுதான். குளிர் பட்டதும் மூச்சு தன்னால் வெடுக்கென்று இழுக்கும், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, குளிர் பட்டால் தோல் தடிக்கும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளை நான் இறக்குவதே இல்லை. பெற்றோரிடம் கேட்காமல் யாரையும் இறக்காதீர்கள்.

இப்போது "கால் லேசா இருக்கு" விஷயம். 2009-இல் வெளியான ஒரு ஆய்வில், நான்கு நாளில் நான்கு ஆட்டம் ஆடிய இளம் கால்பந்து வீரர்களில் ஒரு பிரிவினரை 10 டிகிரி தண்ணீரிலும் இன்னொரு பிரிவினரை 34 டிகிரி தண்ணீரிலும் இறக்கினார்கள். ஒரு தடவைக்கு ஒரு நிமிடம் என்று ஐந்து தடவை, அவ்வளவுதான். குளிர்ந்த தண்ணீரில் இறங்கியவர்களுக்குக் கால்வலியும் களைப்பும் குறைவாகத் தோன்றின. ஓட்டம், தாவல் அளவீடுகளில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. உங்கள் பசங்க சொல்வது பொய் இல்லை. ஆனால் லேசாக இருப்பதாகத் தோன்றுவது வேறு, தசை உண்மையிலேயே மீண்டிருப்பது வேறு.

பழைய கோல்கீப்பர்:
நான் இருபது வயதில் வாரம் மூன்று தடவை டப்பில் உட்கார்ந்தவன். அது இல்லாமல் ஆட முடியாது என்றே நம்பினேன். 2014-இல் ஒரு ஆய்வு பற்றிப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் சாதாரண சரும க்ளென்சரை ஊற்றி, "இது மீட்பு எண்ணெய்" என்று சொல்லி ஆட்களை இறக்கியிருக்கிறார்கள். கால் வலிமை திரும்பியதில் ஐஸ் குளியலுக்கு அது சளைக்கவில்லை!

இன்னொன்று. 2015-இல் வந்த ஆய்வு: 12 வாரம் எடைப் பயிற்சி, ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் 10 டிகிரியில் 10 நிமிடம் இருந்தவர்களுக்கு, சும்மா மெதுவாக சைக்கிள் மிதித்தவர்களைவிடத் தசை வளர்ச்சியும் வலிமையும் குறைவாகவே கூடின. அது பெரியவர்களிடம் செய்தது, சரி. ஆனாலும் வளர்கிற வயதில் பயிற்சி நாள்தோறும் டிரம் பக்கம் போவது எனக்குப் பிடிக்கவில்லை.

மைதானத்து விசில்:
நன்றி. பயிற்சி நாளில் இனி இல்லை. ஒரே நாளில் இரண்டு ஆட்டம், நடுவில் இரண்டு மணி நேரம் மட்டும் இருந்தால்?

பிசியோ அக்கா:
அப்போது கண்டிப்பாக வேண்டாம். குளிர்ந்த தசைக்கு வேகமும் உதைக்கும் பலமும் சிறிது நேரத்துக்குக் குறையும். நிழலில் உட்கார வையுங்கள், தண்ணீரும் சாப்பாடும் கொடுங்கள், அப்புறம் ஒழுங்கான வார்ம்-அப். அது போதும்.

அடுத்த நாள் ஆட்டத்துக்காகச் செய்தே ஆகவேண்டும் என்றால் என் பழக்கம் இது: தண்ணீர் 15 டிகிரி, இடுப்பளவு, அதிகபட்சம் ஐந்து நிமிடம், பக்கத்தில் ஒரு பெரியவர். ஐஸ் மேலே மிதக்கும், அதனால் நன்றாகக் கலக்கிவிட்டுத் தெர்மாமீட்டர் வையுங்கள். பையன் போதும் என்ற நொடியில் வெளியே. சுற்றி நின்று எண்ணுவது கூடவே கூடாது. பூப்பெய்தும் வயதுக்கு முந்தைய பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரமே களைப்பிலிருந்து மீள்கிறார்கள். அதனால் சின்னப் பசங்களை நான் இறக்குவதில்லை. 13 வயதுக்கு மேல் எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். போட்டி விடுதியில் இரவு பதினொன்றுக்கு அறையில் ஃபோன் வெளிச்சம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள் சார்.

அந்த டிரம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெயிலில் ஆடும்போது ஒரு பையன் உளறினாலோ, தள்ளாடி விழுந்தாலோ, உடல் கொதித்தாலோ அது வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். அப்போது நிமிடக் கணக்கெல்லாம் இல்லை. தலையைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு குளிர்ந்த தண்ணீரில் இறக்குங்கள், கூடவே ஆம்புலன்ஸை அழையுங்கள். முதலில் குளிர்விக்க வேண்டும், அப்புறம்தான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

மைதானத்து விசில்:
நேற்று அந்த லெஃப்ட் பேக்கிடம் தனியாகக் கேட்டேன். "மூணு நிமிஷத்துலயே வெளிய வரணும்னு தோணுச்சு சார், சிரிப்பாங்கன்னு இருந்துட்டேன்" என்றான். எனக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை.

தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன். அந்த அப்பாவிடமும் பேசிவிட்டேன், அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த போட்டிக்கு டிரம்மில் தண்ணீர் நிரப்பி நிழலில் வைப்பார், ஐஸ் மூட்டை பக்கத்தில் பிரிக்காமல் இருக்கும். நான் சொல்லாமல் யாரும் அதில் கால் வைக்கக் கூடாது என்று பசங்களிடமும் சொல்லியாகிவிட்டது.